சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கிறது?

விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் 34 வயதுத் தம்பிக்காக ஒரு சகோதரி மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பதைப் போல உடற்குறையுள்ளோருக்கென்று ஒரு தனிச் சட்டம் சிங்கப்பூரில் உண்டா என்பது முதலாவது. பழைய கடைவீட்டில் இயங்கும் ஒரு மருந்தகத்தின் வாசலில் இரண்டு படிகள் இருப்பதால் தம்பியால் உள்ளே செல்ல முடியவில்லை, யாரிடம் முறையிடுவது என்பது இரண்டாவது. நேர்முகத் தேர்வுக்கு நாள் குறித்த ஒரு நிறுவனம், அவர் சக்கர நாற்காலியில் வருவார் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது, வழக்குத் தொடரலாமா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. உடற்குறையுள்ளோரின் உரிமைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் வகுத்துக் கூறும் சட்டம் சிங்கப்பூரில் இதுவரை இயற்றப்படவில்லை. அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கட்டடம், போக்குவரத்து, கல்வி, காப்புறுதி, வேலை, குற்றவியல் எனப் பல சட்டங்களுக்குள் அது சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரியும். கட்டடம் எழுப்புபவரையும் பேருந்துச் சேவை நடத்துபவரையும் அரசாங்கம் நேரடியாகவும் கண்டிப்பாகவும் கட்டுப்படுத்துகிறது. ஆனால், பாதிக்கப்பட்டவர் தாமே முன்வந்து, தமக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டுக்கு நிவாரணம் கேட்கும் வழி அண்மைக்காலம் வரை ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. ஆகவே, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் தட்ட வேண்டிய கதவுகள் முற்றிலும் வேறானவை.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அமெரிக்கா 1990இலும், ஹாங்காங் 1995இலும் உடற்குறையின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டு உறவினர்கள் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடிய இந்தியச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அரசாங்க வேலைகளில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. ஆனால் அங்கும் ஏட்டிலுள்ளதெல்லாம் வாசற்படிவரை வந்துவிடவில்லை. அணுகல்வசதித் தரநிலைகள் பல வெறும் பரிந்துரைகளாக இருப்பதைச் சுட்டிக்காட்டிய இந்திய உச்ச நீதிமன்றம், கட்டாயமான தரநிலைகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் மத்திய அரசாங்கத்துக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கே உரிமை முதலில் வந்தது, சாய்தளம் பின்னால் வருகிறது. இங்கே சாய்தளம் முதலில் வந்தது.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. எனினும் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாதவையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகிய நான்கை மட்டுமே. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், அந்தப் பிரிவு அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும் நோக்கியது என்பதால், ஒரு தனியார் மருந்தகத்தின் படிகளுக்கு எதிராக அதைக் கையிலெடுக்க முடியாது.

இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. உடற்குறையுள்ளோர் தாங்களே வழிநடத்தும் உலகளாவிய அமைப்பான ‘டிசேபல்டு பீப்பள்ஸ் இன்டர்நேஷனல்’ 1981இல் தன் முதல் உலக மாநாட்டை நடத்தியது இதே சிங்கப்பூரில்தான். அதன் முதல் தலைவரும், பார்வையை இழந்த சிங்கப்பூரரான ரோன் சந்திரன் டட்லிதான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1987இல், எம்ஆர்டி பெருவிரைவு ரயில் சேவை தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருவோர் அதன் முதல் நிலையங்களில் பிறர் உதவியின்றி நடைமேடைக்குச் செல்ல வழி இருக்கவில்லை. பின்னாளில் பெரும் பணம் செலவிட்டு மின்தூக்கிகளை அமைக்க வேண்டியதாயிற்று.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்பாட்டில் சிங்கப்பூர் 2012 நவம்பரில் கையெழுத்திட்டு, 2013 ஜூலையில் அதை உறுதிசெய்தது. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் ஓர் அனைத்துலக உடன்பாடு தானாகவே உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றினால்தான் நீதிமன்றத்தில் அதன் பேரில் உரிமை கோர முடியும். தனிமனிதர்கள் ஐக்கிய நாட்டுக் குழுவிடம் நேரடியாகப் புகார் அளிக்க வழிவகுக்கும் கூடுதல் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் சேரவில்லை. உடன்பாட்டிலும் மூன்று இடங்களில் விலக்கு கேட்டே சேர்ந்தது. முதலாவது, மனவளம் குன்றியோர் சார்பில் பிறர் முடிவெடுப்பதற்கான கண்காணிப்பை நடப்பிலுள்ள தன் சட்டங்களின்படியே நடத்திக்கொள்ளும் என்றது. இரண்டாவது, தனியார் ஆயுள், மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்ற விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது. மூன்றாவது, வாக்களிப்பில் உதவி தேவைப்படுவோருக்குத் தேர்தல் அதிகாரிகள் மட்டுமே உதவலாம் என்றது. அதாவது பார்வையற்ற ஒருவர் தம் மனைவியையோ மகனையோ வாக்குச்சாவடிக்குள் துணைக்கு அழைத்து வாக்குச்சீட்டில் அடையாளமிடச் சொல்ல முடியாது. வாக்கின் இரகசியத்தைக் காப்பது இதன் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால், தன் வாக்கை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வாக்காளருக்கே இருக்க வேண்டும் என்ற வாதம்தான் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

இனி படிகளுக்கு வருவோம். கட்டட வரைபடங்களை அனுமதிக்குச் சமர்ப்பிக்கும் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரின் அணுகல்வசதி விதிமுறை முதன்முதலாக 1990இல் அறிமுகமானது. அதன்பின் 1995, 2002, 2007, 2013, 2019 எனப் பலமுறை திருத்தப்பட்டது. 2019இன் பதிப்பு 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. கட்டட, கட்டுமான ஆணையம் வெளியிடும் இந்த விதிமுறை வெறும் அறிவுரைக் கையேடு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் பின்னால் நிற்கிறது. புதிய கட்டடத்தின் வரைபடத்தைச் சமர்ப்பிக்கும் தகுதிபெற்ற கட்டடக்கலைஞர் இந்த விதிமுறையை நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்றாவிட்டால் அனுமதி கிடைக்காது, குடிபுகும் அனுமதியும் கிடைக்காது. கட்டி முடித்த கட்டடத்தைத் திறக்க முடியாமல் நிற்பதைவிடப் பெரிய தண்டனை ஒரு மேம்பாட்டாளருக்கு இல்லை. யாரும் வழக்குப் போடாமலேயே சிங்கப்பூரின் புதிய கட்டடங்களில் சாய்தளங்களும் அகலமான கதவுகளும் இருப்பதற்கு இதுவே காரணம்.

விதிமுறை எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறது என்பதைச் சாய்தளத்தை வைத்துப் பார்க்கலாம். சாய்தளத்தின் சரிவு பொதுவாக 1:12 என்ற விகிதத்தை மிஞ்சக்கூடாது. அதாவது, 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படியை ஈடுகட்ட 1.8 மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் தேவை. அதே உயரத்தில் இரண்டு படிகள் என்றால் 3.6 மீட்டர். மிகச் சிறிய உயர வேறுபாடுகளுக்குச் சற்றே செங்குத்தான சரிவை விதிமுறை அனுமதித்தாலும், ஏறி முடிக்கும் இடத்தில் சக்கர நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேண்டும். அந்தச் சமதளத்தை நோக்கிக் கதவு வெளிப்புறமாகத் திறந்தால், ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே மறுகையால் நாற்காலியைப் பின்னோக்கித் தள்ள வேண்டிவரும். சரிவில் அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் ஆபத்து தெரியும். வரைபடத்தில் சரியாக இருந்து, கட்டிய பிறகு தவறிப்போகும் இடங்களில் இந்தக் கதவு முதன்மையானது.

இப்போது உங்கள் மருந்தகத்தை நினைத்துப் பாருங்கள். கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு கூடிய ஐந்தடி வழி வேண்டும் என்பது ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது. ஐந்தடி என்பது சுமார் ஒன்றரை மீட்டர். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையின் பக்கத்துத் தெருக்களில் நடந்து பார்த்தால், ஒரு கடையின் முன் தரை உயர்ந்தும் அடுத்த கடையின் முன் தாழ்ந்தும் இருப்பதைக் காணலாம். பூக்கடையின் கூடைகளும் மளிகைக் கடையின் வெங்காய மூட்டைகளும் எஞ்சியிருக்கும் அகலத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு படிகளுக்கு வேண்டிய 3.6 மீட்டர் சாய்தளத்தை ஐந்தடி வழியின் குறுக்கே வைத்தால் அது சாலையில் போய் முடியும். நெடுக வைத்தால் பக்கத்துக் கடையின் வாசலை அடைக்கும். கடைக்குள்ளே தரையை வெட்டி இறக்கலாம்தான். ஆனால் லிட்டில் இந்தியாவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட மரபுடைமைப் பகுதி என்பதால் அத்தகைய மாற்றங்களுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

இந்த இடத்தில் சட்டம் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. விதிமுறை புதிய கட்டடங்களையும், பெரிய அளவில் மாற்றியமைக்கப்படும் கட்டடங்களையுமே கட்டுப்படுத்துகிறது. பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும் கட்டடத்தின் உரிமையாளரை நோக்கி, நாளையே சாய்தளம் கட்டு என்று சொல்லும் உரிமையை அது வாடிக்கையாளருக்குத் தரவில்லை. தரைவீடுகளும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. பழைய கட்டடங்களை மேம்படுத்த முன்வரும் தனியார் உரிமையாளர்களின் செலவில் ஒரு பகுதியை ஏற்க, 2007இல் 40 மில்லியன் வெள்ளியில் அணுகல்வசதி நிதி ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் பணம் கொடுத்து இணங்கவைக்கும் இந்த அணுகுமுறையை நம் நாட்டின் பல கொள்கைகளில் காணலாம். அது ஓரளவு பலன் தருகிறது, ஆனால் விருப்பமில்லாத உரிமையாளரை அது தொடுவதே இல்லை.

எனவே மருந்தகத்தின் விஷயத்தில் நான் சொல்லும் வழி இதுதான். அந்தக் கடைவீடு அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். பெரிய மாற்றப் பணிகள் நடந்திருந்தால், விதிமுறை பின்பற்றப்பட்டதா என்று கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கேட்கலாம். அப்போது உங்கள் கடிதத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால், மடக்கி வைக்கக்கூடிய அலுமினியச் சாய்தளம் ஒன்றை வாங்கி வைத்து, அழைப்புமணி அடித்தால் ஊழியர் வந்து விரிக்கும் ஏற்பாட்டைச் செய்யுமாறு மருந்தகத்திடமே எழுத்தில் கேளுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் அது யார் வழியையும் அடைக்காது. இது நிறைவான தீர்வன்று. இருந்தும், ஐந்தடி வழியின் அகலத்தை மாற்ற முடியாத இடத்தில் நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வு இதுவே.

புதிய கட்டடங்களிலும் ஒரு பிரச்சினை தொடர்கிறது. திறப்பு விழா வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓராண்டு கழித்து உடற்குறையுள்ளோருக்கான கழிவறையைத் திறந்து பாருங்கள்: பீங்கானுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி உடலை மாற்றிக்கொள்வதற்கென்று விடப்பட்ட இடத்தில் துடைப்பமும் வாளியும், ‘வழுக்கும் தரை’ என்ற மஞ்சள் பலகையும், கழிவறைத் தாள் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கும்; விழுந்தவர் தரையில் கிடந்தபடியே இழுப்பதற்காகத் தொங்கவிடப்பட்ட அவசர அழைப்புக் கயிறு, துப்புரவு செய்யும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருக்கும். வரைபடத்தில் இருக்கும் ஒன்றரை மீட்டர் திரும்புமிடம் வாளிகளால் முக்கால் மீட்டராகிவிடுகிறது. இதைக் கண்டால் ஒரு படம் எடுத்து, இடத்தையும் மாடியையும் குறிப்பிட்டு, கட்டட நிர்வாகத்துக்கும் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். என் அனுபவத்தில் மிக விரைவாகச் சரிசெய்யப்படும் புகார் இதுதான், ஏனென்றால் அதைச் சரிசெய்ய யாருக்கும் பணம் செலவாவதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் நிலைமை மேலானது. எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்காத பழைய புளோக்குகளுக்காக 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சாத்தியமான புளோக்குகளில் பெரும்பாலானவை இன்று அந்த வசதியைப் பெற்றுவிட்டன. வீட்டுக்குள் கைப்பிடிகளும் சாய்தளமும் அமைத்துத் தரும் ‘ஈஸ்’ திட்டம் முக்கியமாக மூத்தோருக்கானது என்பதால், 34 வயதான உங்கள் தம்பி பெயரில் அதை நாட முடியாமல் போகலாம். ஆனால் வீட்டில் 65 வயதைத் தாண்டிய பெற்றோர் இருந்தால் அவர்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். சக்கர நாற்காலி, கேட்புக் கருவி, திரைவாசிப்பு மென்பொருள் போன்றவற்றுக்கு உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்டு, செலவில் 90 விழுக்காடு வரை, ஒருவருக்கு வாழ்நாளில் 40,000 வெள்ளி வரை அது தருகிறது.

போக்குவரத்தில் குறைசொல்ல அதிகம் இல்லை. 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. பேருந்து ஓட்டுநரே இறங்கி வந்து சாய்பலகையை விரிக்க வேண்டும். எல்லா எம்ஆர்டி நிலையங்களிலும் குறைந்தது ஒரு தடையற்ற வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒரே வழி, நீங்கள் செல்ல வேண்டிய திசைக்கு எதிர்ப்புறத்தில், பெருஞ்சாலைக்கு அப்பால் திறக்கும் நிலையங்களும் உண்டு என்பதால் பல நிலையங்களில் இரண்டாவது மின்தூக்கிகளை அமைத்திருக்கிறார்கள். நாற்காலி வாங்குமுன் அளவைக் கவனியுங்கள்: பேருந்துக்கும் ரயிலுக்கும் 70 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம் என்பதே எல்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய மின்நாற்காலியை வாங்கிவிட்டு வாசலோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் கார் இருந்தால், உடற்குறையுள்ளோருக்கான சேவைகளை ஒருங்கிணைக்கும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழங்கும் வாகன நிறுத்த அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தாமே ஓட்டுபவருக்கு ஒரு வகை, அவரை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு இன்னொரு வகை. இரண்டாம் வகையில், ஏறி இறங்குவதற்காக ஒரு மணி நேரம் வரையே அந்த இடத்தில் நிறுத்தலாம்.

காப்புறுதி பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உடன்பாட்டில் பெற்ற விலக்கின் விளைவு இங்கேதான் குடும்பங்களைத் தொடுகிறது. தனியார் நிறுவனம் உங்கள் தம்பிக்கு ஆயுள் காப்புறுதியை மறுத்தால் அதை எதிர்த்து உரிமை கோரும் சட்டம் இல்லை. அரசாங்கத் திட்டங்கள் அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் என்னும் மருத்துவக் காப்புறுதி, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சேர்த்தே வாழ்நாள் முழுவதும் காப்பளிக்கிறது. 1980ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 30 வயதில் தாமாகவே நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்டு லைஃப் திட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள்; முன்பே இருக்கும் உடற்குறைக்காக யாரையும் ஒதுக்குவதில்லை. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலை இருந்தால் மாதந்தோறும் பணம் கிடைக்கும். நடக்க முடியாது என்ற ஒரே காரணம் போதாது. மருத்துவ மதிப்பீட்டுக்குச் செல்லும்போது மற்ற ஐந்தைப் பற்றியும் உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். நம்மவர்கள் மருத்துவரிடம், ‘சமாளிச்சுக்குவேன்’ என்று சொல்லித் தங்களுக்குத் தாங்களே இடைஞ்சல் செய்துகொள்கிறார்கள்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு செய்திகள். கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டபோது அதிகத் தேவையுள்ள பிள்ளைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்; 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அவர்களும் உள்ளே வந்தார்கள். அடுத்தது, பிள்ளைக்கு 21 வயதானதும் பெற்றோரின் சட்டபூர்வ அதிகாரம் முடிந்துவிடுகிறது. தாமே முடிவெடுக்கும் மனவளம் உள்ளவர், பின்னாளில் அதை இழந்தால் தமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதலாம். அது இல்லாத பிள்ளைக்கு, 2010இல் நடப்புக்கு வந்த மனவளச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் பெற்றோரைப் பிரதிநிதிகளாக நியமிக்க வேண்டும். சிறப்புப் பள்ளிகள் மூலம் இதற்கு வழிகாட்டும் திட்டம் இருக்கிறது. 20ஆவது பிறந்தநாளிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. மணவிலக்குப் பெற்ற குடும்பங்களுக்கு இன்னொன்று: உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பிள்ளைக்கு 21 வயதுக்குப் பிறகும் பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிட, திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனம் இடமளிக்கிறது. குற்றவியல் பக்கத்தில், உடற்குறை காரணமாகத் தம்மைப் பாதுகாத்துக்கொள்ள இயலாதவருக்கு எதிராகக் குற்றம் புரிந்தவருக்கு வழக்கமான உச்சத் தண்டனையைப்போல இருமடங்கு வரை விதிக்க, 2020 ஜனவரியிலிருந்து தண்டனைச் சட்டம் அனுமதிக்கிறது.

நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை, தமிழ் வாசகர்களுக்காக. பார்வையற்றோருக்குப் பயன்படும் வடிவில் நூல்களை எல்லை தாண்டிப் பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்பாட்டை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். சிங்கப்பூர் 2015இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உருவாக்கிய பிரெய்ல் அல்லது ஒலிவடிவத் தமிழ் நூலை இங்குள்ள பார்வையற்ற வாசகருக்குச் சட்டப்படி அனுப்பலாம். நம் வாசகர் வட்டங்கள் இதை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இப்போது வேலை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. என் பார்வையில், உடற்குறையுள்ளோர் விஷயத்தில் சிங்கப்பூர்ச் சட்டம் எடுத்துவைத்த மிகப் பெரிய அடி இது. வேலைக்கு எடுத்தல், பதவி உயர்வு, பயிற்சி, பணிநீக்கம், ஆட்குறைப்பு ஆகிய எந்த முடிவிலும் வயது, பால், இனம், சமயம், மொழித்திறன் முதலியவற்றோடு உடற்குறையையும் மனநலப் பிரச்சினையையும் காரணமாக்கிப் பாதகமாக நடத்தக்கூடாது என்று அது முதன்முறையாகச் சட்ட மொழியில் சொல்கிறது. உடல், புலன், அறிவுத்திறன் சார்ந்த குறைபாடுகளும் மதியிறுக்கமும் அதன் வரையறைக்குள் வருகின்றன. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய இரண்டாவது சட்டம் நடைமுறையை வகுத்தது: முதலில் சமரசப் பேச்சு, அது பலிக்காவிட்டால் வேலை உரிமைகோரல் நடுவர் மன்றம், அங்கே 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். நடப்புக்கு வரும் காலம் 2027 என்று அரசாங்கம் அறிவித்துள்ளது.

இதன் ஓட்டைகளையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு விலக்கு உண்டு. வேலையின் தன்மைக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகுதி என்று முதலாளி நிறுவினால் அதுவும் பாகுபாடு ஆகாது. பாரந்தூக்கும் வேலைக்கு இது நியாயம்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. மேசையை உயர்த்துவது, கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்குவது, திரைவாசிப்பு மென்பொருள் வாங்கித் தருவது போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமையை இந்தச் சட்டம் முதலாளிக்கு விதிக்கவில்லை. அதை, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வெளியிடும் முத்தரப்பு ஆலோசனைக் குறிப்புக்கு விட்டுவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அப்படிச் செய்யத் தவறுவதே பாகுபாடாகக் கருதப்படும். இங்கேயோ, ‘உங்கள்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, எங்கள் அலுவலகம் மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியில் இருக்கிறது, அவ்வளவுதான்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதை எதிர்த்து வாதிடுவது கடினம். சிறு நிறுவனங்களின் செலவை நினைத்தே அரசாங்கம் தயங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவித்தொகை ஏற்கெனவே இருக்கும்போது அந்தத் தயக்கம் தேவைக்கு மிஞ்சியது: வேலையிடத்தை மாற்றியமைக்க எஸ்ஜி எனேபலின் மானியம் உண்டு, மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாக ஈட்டும் உடற்குறையுள்ள ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காட்டை, 400 வெள்ளி வரை, முதலாளிக்குத் திருப்பித் தரும் திட்டமும் 2021இலிருந்து நடக்கிறது. உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினரை 2030க்குள் வேலையில் அமர்த்துவது என்ற இலக்கை அரசாங்கமே அறிவித்திருக்கிறது.

ஆகவே உங்கள் தம்பியின் நேர்முகத் தேர்வு விஷயத்தில், நடந்த சம்பவத்துக்காக இன்று அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர முடியாது. சட்டம் இன்னும் நடப்புக்கு வரவில்லை. ஆனால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இப்போதே இருக்கின்றன. அவற்றை மீறும் நிறுவனம் வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதிச் சலுகையை இழக்கக்கூடும். பல நிறுவனங்களுக்கு அது அபராதத்தைவிடக் கசப்பான மருந்து. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த மின்னஞ்சல், சக்கர நாற்காலியைத் தெரிவித்த செய்தி, பின்வாங்கிய பதில் ஆகிய மூன்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னதாக இருந்தால், ‘இன்று காலை நாம் பேசியதன்படி’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு நியாயமான, முற்போக்கான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் அளியுங்கள். அப்புகாரில் அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வேலையில் பாரந்தூக்கும் பணி ஏதும் உண்டா, அலுவலகத்துக்கு மின்தூக்கி இருக்கிறதா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்; அவர்கள் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான். வேறு வேலை தேடுவதற்கு, ரெட்ஹில் அருகே லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான வேலை, பயிற்சிச் சேவைகள் உள்ள எனேப்ளிங் வில்லேஜ் வளாகத்துக்கு அவரே நேரில் போய் வரலாம்.